ஜும்ஆ நேரத்து லைட்

நௌபியா ராத்தா வபாத். காலையில் மெசேஜ் வந்தது... அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கமாம்.

எங்கள் ஆபிஸில் பைல்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். நான் அடிக்கடி போட்டோ போடும் அந்த மீன் தொட்டியில் பாதி அவருடையது.

தொட்டி வைத்த புதிதில், தன் தம்பியின் மீன்பிடி போட்டில் கிடந்த பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெளிச்சமெண்டா வெளிச்சந்தானே புள்ள. கடலுக்கே காணும், இந்தத் தொட்டிக்குக் காணாதா?"

கிழமை திரும்ப முன் கண்ணாடி முழுக்கப் பாசி. அவரே இருந்து சுரண்டினார், என்னைத் திட்டிக்கொண்டே... ஏதோ நான் கொண்டு வந்த லைட் மாதிரி!

பிறகுதான் செடிக்கென்று உள்ள எல்.ஈ.டி. வாங்கினோம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எங்களுடையது மெதுவாக வளரும் செடிகள், அதிகம் தேவையில்லை. டைமர் போட்டுப் பாதி வெளிச்சத்தில் விட்டேன். செடி நன்றாக வந்தது, பாசியும் இல்லை.

ஆனால் நான் அந்தப் பக்கம் போனதும் யாரோ கூட்டி வைக்கிறார்கள். யாரோ என்ன... ராத்தாதான். சண்டை பிடித்தேன்.

"சீனி வருத்தம் கண்ணுல ஏறிட்டு கா. உன்ட பாதி வெளிச்சத்துல எனக்கு மீன் தெரியுதில்ல."

நீரிழிவு பார்வையைக் குறைக்கிறது என்ற பிறகு என்ன சண்டை.

ஒரு சமாதானத்துக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டால் ஆபிஸ் பெண்கள் எங்கள் கையில். அந்த நேரம் மட்டும் முழு வெளிச்சம். டைமரிலும் அப்படியே போட்டு வைத்தேன்.

ராத்தா சோற்றுக் கோப்பையோடு கண்ணாடியில் மூக்கு முட்ட உட்காருவார். "அந்தா, என்ட செவப்பன் வாறான்" என்பார், சிவப்பு மீனைக் காட்டி. நாங்கள் சிரிப்போம்.

பென்ஷனில் போன பிறகும் வெள்ளிக்கிழமைகளில் மகள் கூட்டி வந்து விடுவாள். கடைசியாக வந்த அன்று, முழு வெளிச்சத்துக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டார்:

"லைட்ட இன்னும் போடல்லயா புள்ள?"

"போட்டிரிக்கி ராத்தா."

சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, செவப்பன் என்ன செய்றான் எண்டு நீ செல்லு" என்றார். சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

இன்றும் வெள்ளிக்கிழமை. பாங்கு கேட்டது, ஆண்கள் போனார்கள், லைட் தானாகக் கூடியது. நான் குறைக்கவில்லை. செவப்பன் முன்னுக்கு வந்து நின்றான்.

அல்லாஹ் உங்கள் கபுறுக்குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும், ராத்தா.