அவசரமில்லை என்று எழுதிய மூன்று கடிதங்கள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தெருவே நம்பியது. நானும் நம்பினேன், அதுதான் வினை. எழுபதுகளின் தொடக்கம் அது. பி.யூ.சி. முடித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் எங்கள் தறி வீட்டில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டுக்கு இங்கிலீஷில் தபால் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துச் சொல்வேன்.

என் தங்கைக்கு அப்போது பதினேழு வயது. கரையைத் தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா தறியில் உட்கார்ந்தால், மறுகரையின் நூல் ஓடும் நாடாவை வாங்கித் தள்ள அவள் பக்கத்தில் உட்காருவாள். அந்தச் சித்திரையில் நாலு தடவை தள்ளுவதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. பாதம் வீங்கியது. அரை நாள் பஸ்ஸில் போனால் வெள்ளைக்காரர்கள் நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே ஓர் இங்கிலீஷ்கார டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, இருதயத்தில் ஒரு வால்வு இறுகிப்போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார். படுக்கை காலியானதும் கடிதம் போடுவதாகச் சொல்லி எங்களை அனுப்பிவைத்தார்.

வைகாசி போயிற்று. கடிதம் வரவில்லை. தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அப்பாவின் தறிச் சத்தம் நின்றுவிடும். மணி எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகு மறுபடியும் தொடங்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தங்கை சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

ஆனி மாதம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஒரு லெட்டர் எழுதுடா, நான் சொல்றேன்" என்றார். தங்கையும் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல நமஸ்காரம் போடு. அம்மா சவுக்கியமான்னு கேளு. கொழந்த அப்படியேதான் இருக்குதுன்னு எழுது. கொஞ்ச நாளாச்சு, அதான் ஞாபகப்படுத்தறோம்னு போடு. அவசரமில்லீங்க, உங்களுக்கு சவுகரியப்படும்போது ஒரு கார்டு போட்டா போதும்னு முடிச்சுடு."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் ஆகவேண்டும். எங்கள் தெருவில் அவசரத்தின் உச்சமே 'அவசரமில்லீங்க' என்பதுதான். பாவு நூல் தீர்ந்து தறி சும்மா கிடக்கிறவன், பட்டு முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தேங்க, அவசரமில்லீங்க" என்பான். இவன் வீட்டில் இன்றைக்கு உலை வைக்கவில்லை என்பது முதலாளிக்கு அந்தக் கணமே விளங்கிவிடும். சாயங்காலத்துக்குள் பட்டு வந்துவிடும். 'அவசரம்' என்று வாய்விட்டுச் சொல்கிறவனைச் சண்டைக்கு வந்தவனாகத்தான் பார்ப்பார்கள்.

அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் எழுதினேன். 'தேர் இஸ் நோ ஹரி' என்றும் 'அட் யுவர் கன்வீனியன்ஸ்' என்றும் எழுதிவிட்டு, என்ன அழகான இங்கிலீஷ் என்று எனக்கே பெருமை வேறு. ஆடியில் இன்னொரு கடிதம் போட்டோம். ஆவணியில் மூன்றாவது. அவளுக்கு முடியாமல் போகப் போக, எங்கள் பணிவும் கூடிக்கொண்டே போனது.

புரட்டாசியில் ஒரு காலை அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பாவிடம் சொல்லிவிட்டு படுக்கை காலியா என்று கேட்டுவர முதல் பஸ்ஸைப் பிடித்து நான் மட்டும் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஏதோ சீட்டு வாங்க உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே நேரத்தில்தான் வந்து உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவர் விருட்டென்று எழுந்து, 'ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் ஏஜஸ்!' என்று குமாஸ்தாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஏஜஸ்! முக்கால் மணி நேரத்துக்கு யுகம் யுகமாகக் காத்திருக்கிறாராம். அட மனுஷா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. குமாஸ்தா சிரிக்கவில்லை. ஓடிப்போய்ச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து மாதம் காத்திருந்த நாங்கள் 'கொஞ்ச நாளாயிற்று' என்று எழுதியிருந்தோம். என் சிரிப்பு அப்படியே நின்றது.

உள்ளே டாக்டரம்மா தங்கையின் காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். என் மூன்று கடிதங்களும் அதில் குத்தியிருந்தன. மேல் அட்டையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது: காத்திருக்கலாம், குடும்பத்தாருக்கு அவசரமில்லை.

"நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். "அவசரம் என்று எழுதியவர்களை முன்னால் எடுத்துக்கொண்டோம்."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த வெள்ளைக்காரர் சொன்னது மட்டும்தான் வாயில் வந்தது. 'வீ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் ஏஜஸ், டாக்டர்' என்று கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மறுநாள் அப்பாவும் நானும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூன்று நாள் சோதனை நடந்தது. நாலாம் நாள் டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். எனக்குத்தானே இங்கிலீஷ் தெரியும்! இருதயம் பெருத்துவிட்டது, இனிமேல் கத்தியைத் தாங்காது, சித்திரையில் என்றால் நானே செய்திருப்பேன் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். எவ்வளவு நாள் என்று நான் கேட்டதற்கு, மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வார்டுக்குத் திரும்பினேன். அப்பா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். தங்கை பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "எங்க அண்ணன் இங்கிலீஷ்ல லெட்டர் மேல லெட்டரா எழுதிக்கினே இருந்தாரு, அதாலதான் எனக்கு எடம் கெடச்சுது" என்று மூச்சு வாங்க வாங்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்புப் பென்சிலைச் சொன்னேன். ஆபரேஷன் இல்லை என்பதையும் சொன்னேன். என்னை ஒரு அறை விட்டிருக்கலாம் அவள்.

"அப்பா சொல்லச் சொல்லத்தானே நீ எழுதுன. நானும்தான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு மட்டும் இது தெரிய வேணாம்ணா."

அப்பா கஞ்சித் தூக்குடன் வந்து நின்றார். "டாக்டரம்மா என்னடா சொன்னாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஆபரேஷனே வேணாமாம்பா. மாத்திரையிலயே சரியாயிடுமாம்."

அப்பா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் அறை இருந்த திசையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.