படிக்காமல் விட்ட மூன்று வரிகள்

அக்காவைச் சேலத்தில் கட்டிக்கொடுத்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. புதுச்சேரியில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் போன் கிடையாது. மாதம் ஒருமுறை வரும் நீல இன்லேண்டு லெட்டர்தான் எங்களுக்கு அக்கா. மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆகவே கடிதம் வாசிக்கும் அதிகாரம் முழுக்க என்னிடம் இருந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். நான் பெரிய மனுஷிபோலத் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். அக்காவின் குண்டு குண்டான எழுத்தைப் படிக்கப் படிக்க, அவளே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும்.

அந்தக் கோடையில் இரண்டு மாதம் கடிதமே இல்லை. பிறகு ஒன்று வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் வழக்கம்போலத்தான். ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் மூன்று வரி: "பாப்பா, இதை அம்மாவுக்குப் படிக்காதே. அவர் தினமும் அடிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கொல்லையில் மல்லிச்செடி வைத்திருப்பதாகச் சொந்தமாக ஒன்றைச் சேர்த்துப் படித்து முடித்தேன்.

"இன்னொருவாட்டி படி."

படித்தேன். இந்த முறை மல்லி கனகாம்பரமாகிவிட்டது. வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அம்மா கடிதத்தை வாங்கி அந்த மடிப்பில் விரலை வைத்தாள். "இங்க என்னா எழுதியிருக்கா?"

"அது... விலாசம்மா."

"விலாசம் வெளியதானடி எழுதுவாங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் காலையில், "சேலத்துக்குப் போயிட்டு வரேன், அப்பாவுக்குச் சோறு போட்டுடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாளும் இதே யோசனைதான். நான்தான் சொல்லிவிட்டேன் என்று அக்கா நினைப்பாள். அம்மா போய்ச் சண்டை போட, அவர் அக்காவை இன்னும் அடிப்பார். வகுப்பில் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட என் காதில் விழவில்லை. உப்புப் போடாமல் நான் வைத்த குழம்பை அப்பா அப்படியே தின்றுவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

நான்காம் நாள் மதியம் ரிக்‌ஷாவில் அம்மாவும் அக்காவும் வந்து இறங்கினார்கள். அக்கா பாதியாய் இளைத்திருந்தாள். அப்பா அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் படிக்கவே இல்லக்கா. சத்தியமா அம்மாகிட்ட சொல்லல."

"தெரியும்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ரகசியத்தைக் காப்பாற்றியதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். வெகுநாள் அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அம்மாவுக்குத் தெரியக்கூடாத ஒன்றை, பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்ளும் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு அவள் ஏன் எழுதினாள் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.