மேல்கணக்குக்குக் கட்டிய மூட்டை

போன மாதம் நுவரெலியாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக ஒரு கடைக்குள் நுழைந்தேன். மலை ஏறப் போகிற வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அங்கே நின்ற பெண் என் நனைந்த தலையைப் பார்த்து இரங்கி, ஒரு மழைச் சட்டையை மடித்த மடிப்போடு என் உள்ளங்கையில் வைத்தாள். "தூக்கிப் பாருங்க ஐயா, எடையே இருக்காது." உண்மைதான், ஒரு தோடம்பழத்தின் கனம்கூட இல்லை. விரித்துக் காட்டியபோது அதிலிருந்து ஒரு வாசம் வந்தது. புது ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. வாங்குகிற உத்தேசமே இல்லாமல் அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்ற கிழவனைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ. எனக்குக் காசிம் நானாவின் கடை ஞாபகம் வந்துவிட்டது.

காசிம் நானா பஜாரின் ஒரு மூலையில் பழைய சாமான் விற்றவர். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் போனபோது விட்டுப்போன பூட்ஸ், தண்ணீர்ப் போத்தல், கித்தான் பை எல்லாம் சுற்றிச் சுழன்று கடைசியில் அவரிடம் வந்து சேர்ந்தன. ஐம்பதுகள் தொடங்கியிருந்த சமயம், எனக்கு இருபது வயது. அவரிடம் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கினேன். ஒரு பக்கம் பச்சைத் துணி, மறுபக்கம் ரப்பர், ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளை வளையங்கள். "ஒட்டிக்கிட்டுப் படுத்தா ரெண்டு பேருக்குக் காணும் மகன்" என்றார் நானா.

அது எதற்கு என்று கேட்பீர்கள். நான் ஒரு தொழிலாளர் சங்கத்தின் அலுவலகத்தில், கந்தோர் என்போம், கிளாக்கர். நாடு சுதந்திரம் அடைந்த சூட்டோடு, இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த சனத்தின் வம்சமாக மலையிலிருந்த நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு, இத்தனை வருடம் இங்கேயே இருந்தோம் என்று காகிதத்தால் நிரூபிக்கிறவர்கள் மனுப் போடலாம் என்று ஒரு வழி விட்டார்கள். அதற்கு ஒரு முடிவுத் திகதி. எழுதப் படிக்கத் தெரியாத சனம். அந்தத் திகதிக்குள் தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் நாங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்கத் தோட்டத்தை நடத்துகிற துரையின் அனுமதி வேண்டும், சங்கத்து ஆளுக்கு அது கிடைக்காது. கேட்டில் காவல்காரன் நிற்பான். ஆகவே ரோட்டை விட்டுவிட்டு, காட்டு வழியாக ஏறி, தோட்டத்தின் முதுகுப் பக்கத்தால் இறங்குவோம். சனிக்கிழமை காலை புறப்பட்டால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். ஞாயிறு எழுதிவிட்டு, அன்றிரவும் லயத்தில் தங்கி, திங்கள் விடியத் திரும்பிவிடுவோம்.

நான் பிறந்த தோட்டத்தில் ஒரு துரை இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மீன் பிடிக்கப் போவார். அவருக்கு முன்னால் மடக்குக் கட்டில், நாற்காலி, குளிக்கிற தொட்டி, கிராமபோன் பெட்டி எல்லாம் ஆட்களின் தலையில் வரிசையாகப் போகும். துரை கையை வீசிக்கொண்டு நடப்பார். அவருக்குப் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்க நியாயமில்லை. தானே தூக்குகிறவனுக்குத்தான் அந்தக் கவலை.

எனக்கு அது கவலையாக இருக்கவில்லை, வெறியாக இருந்தது. முதல் பயணத்தில் அரிசி, சட்டி, அரிக்கேன் விளக்கு எல்லாவற்றையும் தூக்கிப் போய் முதுகு வீங்கித் திரும்பியதன் பலன். அடுத்த தடவை அரிசியை விட்டேன். அரிசி இல்லையென்றால் சட்டி எதற்கு? கோதுமை ரொட்டியும் காய்ந்த சம்பலும் போதும். பால்மா டின்னில் கம்பி கட்டினால் தேத்தண்ணி காய்ச்சலாம். மைப்புட்டிக்குப் பதில் தண்ணீரில் கரைக்கிற மை மாத்திரை நாலு. கைநாட்டுக்கு மை வைத்திருக்கிற தகரப் பெட்டியை உடைத்து, உள்ளேயிருந்த துணியை மட்டும் மெழுகுத் தாளில் சுற்றிக்கொண்டேன். தீக்குச்சித் தலைகளை உருக்கிய மெழுகில் தோய்த்து மருந்துப் போத்தலில் அடைத்தேன். மெழுகு உருகும் மணம் எங்கே வந்தாலும், அது மாதா கோயிலோ கரண்ட் போன வீடோ, எனக்கு இன்றைக்கும் அந்தக் கந்தோரின் பின்னறைதான். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் இருந்தவன் நான். நாலு முடிச்சுப் போடத் தெரியும், சான்றிதழ்கூட வைத்திருந்தேன். மூட்டையைக் கட்டி முடித்ததும் காசிம் நானாவின் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்ப்பேன். "தலையையும் கழட்டி வச்சிட்டுப் போனா இன்னும் கொறையும் மகன்" என்பார் நானா. நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என்னோடு வந்தவர் கருப்பையா அண்ணன். முப்பது வயது இருக்கும். நெடுநெடுவென்ற ஆள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தோட்டத்து வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். மனைவி பொன்னம்மாவும் இரண்டு பையன்களும் பொன்னம்மாவின் அண்ணன் இருந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒண்டியிருந்தார்கள். காட்டில் வழி பார்ப்பது அவர் வேலை, எழுதுவது என் வேலை. மூட்டை கட்டுகிற வேலையையும் நானாகவே எடுத்துக்கொண்டேன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அந்த மார்கழியில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல்கணக்குக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்பார்கள். மேல்கணக்கு உச்சியில், காட்டை ஒட்டி இருந்தது. மார்கழியில் அந்தப் பக்கம் வாடைமழை விடாது. புறப்படுகிற காலை அண்ணன் தோளில் தன் கறுப்புக் கம்பளியோடு வந்து நின்றார். மழைக்குத் தலையில் போடவும் அதுதான், ராத்திரி படுக்கவும் அதுதான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சுற்றவும் அதுதான். நான் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

"இது வேணாம்ணே. நனைஞ்சா எருமக்கன்னு கனம் கனக்கும். ரப்பர் விரிப்பு இருக்குல்ல, ரெண்டு பேருக்கும் காணும்."

"மேல குளிரு வேற மாதிரிங்க தம்பி."

"ரெண்டு ராத்திரியும் லயத்துலதானே படுக்கப்போறோம். வரும்போது காகிதக் கட்டு வேற தூக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் கம்பளியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "படிச்ச புள்ள சொல்றீங்க" என்று அதைக் கந்தோர்ச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். அதில் கிண்டல் ஏதும் இல்லை. கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். என் உடம்பில் ஒரு தடித்த கம்பளிச் சட்டை இருந்தது. போட்டுக்கொண்டிருந்ததால் அதை நான் நிறுக்கவில்லை. அது பாரமாகவே எனக்குத் தோன்றவில்லை.

போகிற வழியில் அதிசயமாக மழை இல்லை. மூட்டை இலேசாக இருந்தது, நான் பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு நடந்தேன். மறுநாள் ஞாயிறு, பிள்ளைக் காம்பராவில் வைத்து எழுதினோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற அறை அது. புளித்த பால் மணமும் விறகுப் புகை மணமும் சுவரிலேயே ஊறிக் கிடந்தன. ஒவ்வொரு குடும்பமாக வந்து தங்களிடமிருந்த சாட்சிகளைத் தந்தார்கள். பிறப்புப் பத்திரம், அரிசிக் கூப்பன் புத்தகம், பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்த துண்டு. எல்லாம் அசல். மனுவோடு அவற்றைச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

பேச்சியம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கிற பெண் தன் பிறப்புப் பத்திரத்தைப் பவுடர் டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தார். என் கையில் தருவதற்கு முன் இரண்டு தடவை தயங்கினார்.

"இது ஒண்ணுதாங்க இருக்கு. நனையாமப் பாத்துக்கங்க. போச்சுன்னா நான் பொறக்கவே இல்லன்னு ஆயிரும்."

"ஒரு சொட்டுப் படாதுங்க" என்றேன்.

மத்தியானம் ஒருத்தர் ஓடி வந்தார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் இரண்டு காவல்காரர்களும் ஏறி வருகிறார்கள் என்றார். லயத்தில் எங்களைக் கண்டால் இடம் கொடுத்த குடும்பத்துக்குத்தான் வேலை போகும். ஆகவே அன்றிரவு தங்குகிற பேச்சு இல்லாமல் போயிற்று. காகிதங்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு பின்பக்கத்தால் காட்டுக்குள் ஏறினோம். கால் மணி நேரத்தில் மழை தொடங்கியது.

கித்தான் பை ஊறத் தொடங்கியபோது கருப்பையா அண்ணன் நின்றார். "விரிப்ப எடுத்துக் காகிதத்தச் சுத்துங்க தம்பி" என்றார். இதை யார் முதலில் சொன்னது என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். சொன்னது அவர்தான். ஆனால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே என் கை விரிப்பை உருவிவிட்டிருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, மடிப்பை உள்ளே விட்டு, நான் கற்ற முடிச்சுகளைப் போட்டேன். நல்ல முடிச்சுகள். நான் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்ததால் அவரே அந்தக் கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. பாதை தவறியது என்று அவர் சொல்லவில்லை, நடை மெதுவானதில் எனக்கே விளங்கியது. கடைசியில் ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். மருந்துப் போத்தலைத் திறந்தேன். தீக்குச்சி ஒன்றுகூட நனையவில்லை. பற்றவைக்கத்தான் அந்தக் காட்டில் காய்ந்த சுள்ளி ஒன்றும் இல்லை. குச்சியெல்லாம் கிழித்துத் தீர்ந்த பிறகு போத்தலை எறிந்தேன். அண்ணன் காற்று வருகிற பக்கமாக மாறி உட்கார்ந்தார். அவர் உடம்பில் ஒரு பருத்திச் சட்டையும் கிழிந்த கோட்டும்தான். மடியில் காகிதக் கட்டு.

"விரிப்பக் கொஞ்ச நேரம் அவுத்துப் போத்திக்குவமாண்ணே" என்று கேட்டேன். கேட்டது உண்மைதான். ஆனால் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"இம்புட்டுச் சனத்தோட பேரு இதுக்குள்ள இருக்கு. வேணாங்க தம்பி." பல் அடித்துக்கொள்ள, கட்டை மடியோடு இறுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார், "பொன்னம்மாகிட்டச் சொல்லிறாதீங்க, கம்பளிய விட்டுட்டு வந்தேன்னு. ஏசுவா."

திங்கட்கிழமை மத்தியானம் கந்தோருக்கு வந்து சேர்ந்தோம். கட்டை அவிழ்த்து மேசையில் காகிதங்களைப் பரப்பினேன். எங்கும் ஈரம் இல்லை, ஒரு எழுத்தும் கரையவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மேசைக்கு முன்னால் நின்று நான் சந்தோஷப்பட்டேன். பின்னால் பெஞ்சில் அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

அன்று இரவே காய்ச்சல். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். ஐந்தாம் நாள் காலை இறந்துபோனார். கடைசி இரண்டு நாளும் அவருக்கு என்னைத் தெரியவில்லை. தேயிலைச் செடியின் எந்தக் கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பொன்னம்மா கந்தோருக்கு வந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அப்படிக் கூப்பிடாமல் பெஞ்சைக் காட்டினேன்.

"அவரு கம்பளி எங்கங்க?"

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். மூலைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நனையவே இல்லியே" என்றார்.

சொல்ல வேண்டாம் என்று அண்ணன் கேட்டதை நான் காப்பாற்றினேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பொன்னம்மா என் கம்பளிச் சட்டையை ஒரு தடவை பார்த்தார். ஏசவில்லை. "புள்ளைங்களுக்கு ஆகும்" என்று கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மனுக்களை வரிசைப்படுத்தும்போதுதான் கருப்பையா அண்ணனின் பெயர் எதிலும் இல்லை என்பதைக் கண்டேன். ஊர் ஊராக மற்றவர்களுக்கு எழுதவைத்தவர் தனக்கென்று ஒன்று எழுதவைக்கவில்லை. அருகிலேயே இருக்கிறவர்தானே, எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு பொன்னம்மா இருந்த லயத்துக்குப் போனேன்.

"எனக்கு எழுதாதீங்க" என்றார். "இந்தக் காகிதத்துக்குத்தான் அவரு போனாரு. இது என் வீட்டுக்குள்ள வேணாம்."

"புள்ளைங்களுக்காவது வேணும் மதினி."

"அதுங்க இங்கதான் பொறந்துச்சுங்க. எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா பத்தாது. எழுதி நிரூபிக்கணும்."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டார். முடிவுத் திகதிக்கு முன் இன்னும் இரண்டு தடவை போனேன். நான் வந்திருப்பது தெரிந்து, இரண்டு தடவையும் அவர் கொழுந்து எடுக்கிற மலையிலிருந்து இறங்கவே இல்லை. நானாக ஏதாவது எழுதிக் கைநாட்டை மட்டும் கெஞ்சி வாங்கியிருக்கலாமா என்று கேட்காதீர்கள். அதை நான் கேட்காத நாள் இல்லை.

மனுக்களுக்குப் பதில் வர வருடங்கள் பிடித்தன. மேல்கணக்கில் சில குடும்பங்களுக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. பேச்சியம்மாவுக்குக் கிடைக்கவில்லை. புருசன் நடுவில் இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் நெடுநாள் தங்கி வந்ததால், இங்கேயே இருந்ததற்குச் சாட்சி போதவில்லை என்றார்கள். அவருடைய பிறப்புப் பத்திரம் ஒரு கறை இல்லாமல் திரும்பி வந்தது. நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாத்தான் வச்சிருந்தீங்க" என்றார்.

அறுபதுகளின் நடுவில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து எங்கள் சனத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. காகிதம் இல்லாதவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டி இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று ஆயிற்று. நான் அப்போது சங்க வேலையை விட்டு வேறு உத்தியோகத்தில், வேறு ஊரில் இருந்தேன். இன்றைக்கு அந்த மேல்கணக்கு இல்லை. லயத்தை இடித்து, தேயிலையைப் பிடுங்கி, யூகலிப்டஸ் நட்டுவிட்டார்கள். காசிம் நானாவும் இல்லை, அவர் கடை இருந்த வரிசையும் இல்லை. சங்கக் கந்தோர் இருந்த கட்டடத்தில் இப்போது தங்கும் விடுதி.

பங்கு பிரித்த சில வருடம் கழித்து, ஒரு லீவு நாளில், பொன்னம்மா இருந்த லயத்துக்குப் போனேன். அந்தக் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரர் என்னை அடையாளம் தெரியாமலே பேசினார். பொன்னம்மா, பையன்கள், பொன்னம்மாவின் அண்ணன் குடும்பம் எல்லாரும் ஒரே நாளில் போய்விட்டார்கள் என்றார். மூத்த பையன் தகப்பனைப் போலவே வளர்ந்திருந்தான் என்றார்.

"எந்த ஊருக்குப் போனாங்க?" என்று கேட்டேன்.

"கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் முகாம்லேருந்து ஒரு கடுதாசி வந்துச்சுங்க. அங்கேருந்து எங்க அனுப்புனாங்கன்னு தெரியல."