இருநூற்றுப் பதினேழு

தாலுகா ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் எண்ணைத் தேடுவேன், பிறகு ஆண்டை. அந்தப் பழக்கம்தான் ஒரு பெண்ணின் வீட்டுமனைப் பட்டாவைப் பறித்தது.

அவள் சாலவாக்கம் பக்கம் நடவுக்கும் களைக்கும் போகிறவள். புருஷன் இல்லை. அரசு கொடுத்த மனைக்கான அவளுடைய பட்டாவை ரத்து செய்யச் சொல்லிப் பக்கத்து நிலத்துக்காரர் மனுப் போட்டிருந்தார். பதில் எழுதித் தரக் கேட்டு உத்திரமேரூரில் என் வீட்டுக்கு வந்தாள்.

“கோர்ட்டுல எலவச வக்கீல் கெடைக்குமாமே சார்?”

“எதுக்கு? நான் இருக்கேன்” என்றேன்.

அவருடைய மனுவில் ஒரு தீர்ப்பைக் காட்டியிருந்தார்கள். 2011 (4), அடுத்து மூன்று ஆங்கில எழுத்து, கடைசியில் 217. எங்கள் கோப்பு எண் மாதிரியே அதை 217/2011 என்று படித்தேன். நடுவில் இருந்த நாலு, சர்வே எண்ணில் வரும் உட்பிரிவு போல ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். செல்போனில் தேடினால் ஒரு பஸ் விபத்து வழக்கு வந்தது.

“சும்மா பூச்சாண்டி காட்டறாங்கம்மா.”

“நல்லா பாத்தீங்களா சார்? அந்த எடத்த வுட்டா எனக்குப் போக்கு கெடையாது.”

“நான் பாக்காத நம்பரா?”

பதிலில் எழுதினேன்: ‘மனுதாரர் காட்டும் தீர்ப்பு பஸ் விபத்து பற்றியது. இது அதிகாரியை ஏமாற்றும் செயல்.’

அதிகாரி முன் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை உரக்கப் படித்தார். “எந்த பஸ்ஸுங்க? டவுன் பஸ்ஸா, பாயிண்ட் டு பாயிண்ட்டா?” அறையே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அவளும் லேசாகச் சிரித்தாள்.

வராந்தாவில் அந்த வக்கீலே என்னிடம் சொன்னார்: “பெரியவரே, 2011 வருஷம். நாலு, அந்த வருஷத்து நாலாவது தொகுதி. எழுத்து, தீர்ப்பெல்லாம் அச்சடிக்கிற புஸ்தகத்தோட பேரு. 217, பக்க நம்பரு. வழக்கு நம்பரே இதுல கெடையாது.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பட்டதாரி என்ற திமிர் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டாள். “அதிகாரி அவங்க ஆளு” என்றேன். அது இன்னும் பெரிய தவறு.

பட்டா ரத்தானது. அதற்குப் பிறகுதான் அந்த இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் தேடிப்பிடித்து ஜெராக்ஸ் எடுத்தேன். பன்னிரண்டு பக்கம். நாலு முறை படித்தேன். படிக்கப் படிக்க என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. அந்த வழக்கில் மனை வாங்கியவர் வீடே கட்டாமல் காலியாகப் போட்டிருந்தார், அதனால் ரத்து. இவளோ பத்தொன்பது வருடமாகத் தன் மனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். இந்த ஒரு வித்தியாசத்தை எழுதியிருந்தால் போதும்.

மேல்முறையீட்டுக்கு ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. அவள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அந்த ஆபீசர் மேல தப்பு இல்ல?”

“இல்ல. என் மேலதான்.”

“அந்த மனுசன இத்தினி நாளா வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு இருந்தனே.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எலவச வக்கீலாண்ட இட்டுக்கினு போ. நீ ஒண்ணும் எழுதாத சார்.”

மறுநாள் காலை கோர்ட்டு வாசலில், வக்கீலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் மேல் குறிப்பெழுதப் பேனாவைத் திறந்தேன். அவள் கையை நீட்டிக் காகிதங்களை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள்.