இடக்கைக்கு ஒரு றைபிள்

எங்கள் வீட்டில் இடக்கையால் எதையும் நீட்ட முடியாது. தேத்தண்ணீர்க் கோப்பையோ கரண்ட் பில்லோ, நான் இடக்கையால் கொடுத்தால் மனைவி வாங்க மாட்டாள். "வலக்கையாலை தாங்கோ" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நானோ பிறவி இடக்கைக்காரன். ஆணி அடிப்பது, கல்லெறிவது, வெங்காயம் வெட்டுவது எல்லாம் இடக்கையால்தான். சாப்பிடுவதும் எழுதுவதும் சிலுவை அடையாளம் போடுவதும் மட்டும் சின்ன வயதில் அடித்துப் பழக்கிய வலக்கையால். சுருக்கமாகச் சொன்னால், நாலு பேர் பார்க்கிற இடத்தில் நான் வலக்கைக்காரன். நாற்பத்தொரு வயதுவரை இந்தப் பொய்யால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. றைபிள் வாங்கப் போன அன்றுதான் வினை பிடித்தது.

அப்போது நாங்கள் கெபெக்கில், ரொக்ஸ்பரோவில் இருந்தோம். எனக்கு புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. அங்கே ஒவ்வொரு நவம்பரும் நான்கு பேர் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு மான் வேட்டைக்குப் போவார்கள். திரும்பி வந்தபின் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கிறிஸ்துமஸ் வரைக்கும் அதே கதைதான். யார் வழுக்கி ஆற்றுக்குள் விழுந்தான், யார் மரக்கட்டையை மான் என்று நினைத்தான் என்று பிரெஞ்சில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் என் சோற்றுப் பெட்டியுடன் மேசையின் ஓரத்தில் இருந்து, அவர்கள் சிரிக்கும்போது சிரிப்பேன். ஏழு வருடம் அப்படிச் சிரித்தேன். அது எவ்வளவு தனிமை என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நால்வரில் ஒருவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், கெபெக்காரன். ஒரு வசந்த காலத்தில் அவன்தான், "இந்த வருடம் நீயும் வருகிறாயா?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிக்குமுன்னே நான் தலையாட்டிவிட்டேன். ஒரு நிபந்தனை போட்டான். அவனுடைய தகப்பனின் காணியில் மணல் அள்ளிப் பள்ளமாய்க் கிடந்த பழைய மணல் கிடங்கு ஒன்று இருந்தது. ஒக்டோபரில் அங்கே நூறு மீற்றரில் ஒரு பேப்பர் தட்டை வைப்பான். நான் மூன்று ரவை சுட வேண்டும், மூன்றும் தட்டுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் நான் வீட்டிலேயே நிற்க வேண்டியதுதான். காயப்பட்ட மான் பற்றைக்குள் ஓடிக் கிடந்து சாவதை அவனால் பொறுக்க முடியாதாம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

துவக்கு லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. படிவத்தைக் குசினி மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே மன்னாரிலை இருந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீங்களே ஒண்டு வாங்கப் போறியளோ?"

"இஞ்சையப்பா, இது மானுக்கு. மனுசருக்கில்லை."

"அங்கையும் உப்பிடித்தான் ஏதோ சொன்னவங்கள்."

மூன்று நாள் படிவம் மேசையிலேயே கிடந்தது. நாலாம் நாள் நான் அந்தச் சாப்பாட்டு மேசைக் கதையை, ஏழு வருடச் சிரிப்பை, அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "பூட்டித்தான் வைக்கோணும், பிள்ளையளின்ரை கண்ணிலை படக்கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஓகஸ்டில் துவக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும், தலை முழுக்க வெள்ளை. ஒரு றைபிளை எடுத்து மேசைக்கு மேலால் நீட்டினார். வயதில் மூத்தவர் ஒன்றைத் தந்தால் நான் எந்தக் கையால் வாங்குவேன்? வலக்கையை நீட்டிப் பவ்வியமாக வாங்கி, வாங்கிய கையோடு வலத் தோளில் வைத்துப் பார்த்தேன். "வலக்கைக்காரரா?" என்று கேட்டார். "ஓம்" என்பதைப் பிரெஞ்சில் சொன்னேன். அந்த ஒரு சொல்லோடு வலக்கை றைபிள் ஒன்று என் பெயருக்கு வந்து சேர்ந்தது.

செப்டெம்பரில் மணல் கிடங்கில் முதல் பயிற்சி. பன்னிரண்டு ரவை சுட்டேன். தட்டில் ஒரு கீறல்கூட இல்லை, மணல் மேட்டுக்குத்தான் நல்ல அடி. குறிபார்க்கும் ஸ்கோப் பிழை என்றேன். ஃபோர்க்லிஃப்ட் நண்பன் அதை வாங்கி அதே ஸ்கோப்பால் மூன்று வெடி வைத்தான். மூன்றும் தட்டின் நடுவில் விழுந்தன. வீட்டுக்கு வந்து, காற்று பலமாக அடித்தது என்று மனைவிக்குச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து. நண்பன் இந்த முறை தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விடச் சொன்னான். அந்த ஓட்டைக்குள்ளால் தூரத்து மரத்தைப் பார்த்தபடி, கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னான். மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் ஓட்டை என் இடக்கண்ணுக்கே வந்து நின்றது. நீ குறிபார்க்கிற கண் அதுதான் என்றான்.

"நீ சுத்தியலை எந்தக் கையால் பிடிப்பாய்?" என்று கேட்டான்.

நான் இடக்கையைக் காட்டினேன்.

"அப்படியென்றால் கடையில் ஏன் வலக்கை என்று சொன்னாய்?"

பெரியவர்களிடம் இடக்கையால் ஒன்றை வாங்குவது மரியாதையில்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவன் மணலில் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தான். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, இந்த வருட மேசைக் கதையில் ஆற்றுக்குள் விழுந்தவன் நான்தான் என்று விளங்கி, நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைய சிரிப்பு மட்டும் ஏன் என்று தெரிந்து சிரித்த சிரிப்பு.

கடைக்காரர் நல்ல மனிதர். பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். இடக்கை றைபிள்கள் கடைக் கோடியில் மூன்றே மூன்றுதான் நின்றன. ஒன்று மக்னம், பலத்த ரவை, மாட்டைவிடப் பெரிய மூஸ் மானையும் தூரத்தில் வைத்து விழுத்தும். கூட வந்த நண்பனுக்கு அதிலேதான் கண். கடைக்காரர் என் மெலிந்த தோளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுடும்போது அது தோளில் உதைக்கிற உதைப்பு எனக்குக் குருவி தலையில் பனங்காய். உதைப்புக்குப் பயந்தவன் விசையை இழுக்குமுன்னே கண்ணை மூடிவிடுவான், கண்ணை மூடியவனுக்கு ரவையின் கலிபர் பெரிதாக இருந்து என்ன பயன் என்று கேட்டார். அடுத்தது 243 கலிபர், சின்ன ரவை, உதைப்பு மிகக் குறைவு. மானுக்கு அது போதும், மூஸுக்குக் காணாது. மூன்றாவது 308. காட்டுக்குள் நூறு மீற்றரில் மானுக்குத் தாராளம், பின்னொரு நாள் மூஸுக்குப் போனாலும் கைவிடாது, தோளும் தாங்கும்.

இந்த முறை அவர் றைபிளைக் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு, "சுத்தியலை எடுப்பது போல எடு" என்றார். நண்பன்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

எடுத்தேன். அது தானாக இடத் தோளில் போய் இருந்தது. ரவை ஏற்றும் போல்ட்டின் பிடி இடப்பக்கத்தில், என் உள்ளங்கைக்குக் கீழேயே நின்றது. இழுத்துத் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. கத்தரிக்கோல், டின் வெட்டி, பள்ளிக்கூட மேசை, எல்லாம் மற்றவர்களுக்காகச் செய்தவை. என் கைக்கென்று ஒருவர் யோசித்துச் செய்த ஒரு பொருளை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. துவக்குக் கடையில் நின்று அழுவது வெட்கம் என்பதால் விலைச்சீட்டை வாசிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஒக்டோபரில் சோதனை நாள் வந்தது. தட்டு எங்கள் வீட்டில் இருந்தே போனது, கோயில் திருநாளில் மிஞ்சிய பேப்பர் தட்டு. நண்பன் அதை மணல் மேட்டில் குத்திவிட்டு வந்து பின்னால் நின்றான். முதல் வெடி. இரண்டாவது வெடி. மூன்றாவதற்கு முன் போல்ட்டை மெல்ல இழுத்துத் தள்ளினேன். மூச்சை முழுக்க விட்டுவிட்டு விசையை இழுத்தேன். நடந்து போய்ப் பார்த்தோம். இரண்டு ஓட்டைகள் நடுவில், மூன்றாவது விளிம்போரத்தில், ஆனாலும் உள்ளேதான். நண்பன் தட்டைக் கழற்றி என்னிடம் தந்தான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினியில் நின்றாள். என் வலக்கையில் பூட்டிய துவக்குப் பெட்டி. யோசிக்காமல் தட்டை இடக்கையால் நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. கையை மாற்றுவதற்குள் அவள் அதை வாங்கிவிட்டாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வேட்டைக்குப் போறவையள் நாலு பேர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அஞ்சு பேருக்குச் சாப்பாடு கட்டோணும்" என்றாள்.