பெரியப்பு அனுப்பிய பக்கம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஞாயிறு பகல் 1.30. எங்கள் மன்னார் அலுவலகக் கந்தோரில் இருந்து நானாட்டான் கிளைக்கு பேக்கப்பைத் தொடக்கினேன். முடிய ஆறு மணித்தியாலம் ஆகும் என்பது என் கணக்கு.
2. 2.00. மின்சாரம் நின்றது. சேர்வரும் நின்றது.
3. 3.05. மின்சாரம் வந்தது. சேர்வர் எழும்பவில்லை. இன்றுவரை எழும்பவில்லை.
4. 2.10 இலிருந்து 2.50 வரை, அதே சேர்வர் நானாட்டானுக்கு எல்லாவற்றையும் அனுப்பி முடித்தது.

நான்காவது மூன்றாவதுக்கு மேலே வரவேண்டியது. ஆனால் நான் அறிந்துகொண்ட வரிசை இதுதான்.

பேய், ஆவி, கனவில் வந்து சொல்வது எதையும் நான் நம்புகிறவள் அல்ல. படிக்கிற காலத்தில் ஹொஸ்டலில் யாரோ நடக்கிற சத்தம் கேட்குது என்று மற்றப் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் கத்தியபோது, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போய் ஒழுகுகிற பைப்பை இறுக்கிவிட்டு வந்து படுத்தவள் நான். இதை வாசிக்கும்போது நீங்களும் எங்காவது ஒரு பைப்பைத் தேடுவீர்கள். தேடுங்கள், நானும் தேடினேன்.

எங்கள் வேலை, மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் உள்ள கத்தோலிக்கக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சேமிப்பது. படம் பிடிப்பது ஓலைத்தொடுவாய் ஊரைச் சேர்ந்த றோசலின் அக்கா. அவற்றைப் பாதுகாப்பது நான். மொத்தம் நாற்பத்தொரு பதிவேடுகள், எல்லாம் ஒரு பழைய சேர்வருக்குள். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் அதற்குப் பெரியப்பாவைக் கூப்பிடுவதுபோல ‘பெரியப்பு’ என்று பெயர் பதிந்துவிட்டுப் போயிருந்தார். பொருத்தமான பெயர்தான். எதைக் கேட்டாலும் செய்யும், ஆனால் மூச்சு வாங்கிவிட்டுத்தான் செய்யும்.

பெரியப்புவில் உள்ளவை நானாட்டான் கிளையில் இருக்கும் இன்னொரு கணினிக்கு அன்ரெனா வழியாகப் போய்ச்சேர வேண்டும். பின்னேரம் கந்தோர் மூடியதும் தொடங்கும், காலை எட்டுக்கு நிற்கும். நான் வந்து பார்த்தபோது இரண்டு வருடமாக அது பதினேழாம் பதிவேட்டைத் தாண்டவே இல்லை. ஒவ்வொரு நாளும் முதலாம் பதிவேட்டில் இருந்து தொடங்கி, பதினேழுக்கு வர விடிந்துவிடும், மறுநாள் திரும்பவும் ஒன்றில் இருந்து. ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு காலையும் அது ஏதோ அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

நான் ஒரு பட்டியல் போட்டேன். ஏற்கெனவே போனதைத் திரும்ப அனுப்பக் கூடாது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் பதிவேட்டுக்கு ஒரு பொதியாகக் கட்டி அனுப்ப வேண்டும். பழைய கேபிளை மாற்ற வேண்டும். நான்காவதாக, அன்ரெனாவின் வேகம் ஏன் பாதியாகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மாடிக்கு ஏறினால், அன்ரெனாக் கம்பத்தில் ஒரு வலை. எங்கள் வான் ஓட்டும் அன்ரன் அண்ணை காயப்போட்டிருந்தார். ஈர வலையின் பாரத்தில் கம்பம் நானாட்டானை விட்டுக் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

“அண்ணை, இது என்ன?”

“வலை, தங்கச்சி. இஞ்சதான் காத்து வடிவாப் படும்.”

“இதாலதான் பேக்கப் போகேல்லை.”

“அப்ப என்ர வலையில உங்கட பேக்கப் பட்டிட்டுது எண்டு சொல்லுங்கோ. எத்தினை கிலோ வரும்?”

வலையை அவிழ்த்து, கம்பத்தை நிமிர்த்தி, வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை முடித்துவிட்டேன். அன்று பின்னேரம் றோசலின் அக்கா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, அதாவது இன்னாருக்கு இன்னார் என்று அறிவித்துத்தான் தாலி கட்டலாம், ஓலை வாசிக்க ஞானஸ்நானச் சான்று வேண்டும். தவக்காலம் தொடங்கினால் கலியாணம் வைக்க முடியாது. அது முடியுமுன்பே மாப்பிள்ளை கத்தாருக்குத் திரும்ப வேண்டும். அக்காவின் பெயர் உள்ள பதிவேடு போன மாரி வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. அதற்கு முன் அவரே தன் கையால் பிடித்த படம் மட்டும் பெரியப்புவில் இருந்தது, நாற்பத்தோராம் பதிவேட்டில்.

“தங்கச்சி, என்ர பக்கத்தை ஒருக்கா எடுத்துத் தாறீரோ? பாதர் கேட்டவர்.”

“திங்கக்கிழமை தாறன் அக்கா. முதல்ல ஞாயிறு இந்த பேக்கப் ஓடி முடியட்டும்.”

“ஓடட்டும், ஓடட்டும். முப்பத்தெட்டு வருசம் இருந்தனான், மூண்டு நாள் இருக்கமாட்டனே?”

இரண்டு நிமிட வேலை அது. என் பட்டியலில் இல்லை என்பதால் தள்ளிப்போட்டேன்.

ஞாயிறு நடந்தது மேலே இருக்கிறது. மின்சாரம் நின்றால் தாங்குவதற்கு ஒரு பற்றறி இருக்க வேண்டும். இருக்கவில்லை.

“கோயில் மைக்குக்குக் குடுத்தனான் தங்கச்சி. திருநாளெல்லே,” என்றார் அன்ரன் அண்ணை தொலைபேசியில்.

மின்சாரம் வந்தபின் பெரியப்புவைப் பதினொரு தடவை போட்டுப் பார்த்தேன். உள்ளே டிஸ்க் நகத்தால் மேசையைத் தட்டுவது போலத் தட்டிவிட்டு நின்றது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “பெரியப்பு போயிட்டாரோ, பாவம்,” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப என்ர பக்கம்?” விடிந்ததும் நானாட்டானுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

திங்கள் காலை அன்ரன் அண்ணையின் வானில் நானாட்டானுக்குப் போனேன், அரை மணித்தியாலத்தில் எவ்வளவு போயிருக்கும், இரண்டு பதிவேடு மிஞ்சியிருந்தாலும் லாபம் என்று. கணினியைத் திறந்தால் பதினெட்டில் இருந்து நாற்பத்தொன்று வரை எல்லாம் இருக்கின்றன. அக்கா தன் குறிப்புக் கொப்பியில் எழுதிவைத்த பக்க எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் பிசகவில்லை. நேரம் 2.10 முதல் 2.50. கணினியின் மணிக்கூட்டைப் பார்த்தேன், சரி. மன்னாரில் அந்த நேரம் அன்ரெனாவுக்கும் மின்சாரம் இல்லை. இருந்திருந்தாலும் நாற்பது நிமிடத்தில் அவ்வளவையும் அனுப்பும் வேகம் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நம்பினால் நம்புங்கள், இவை கூட என்னை அவ்வளவு அசைக்கவில்லை. நான் பொதிகளாகக் கட்டி அல்லவா அனுப்பினேன்? 2.00க்கு முன் வந்து பாதியில் அறுந்த ஒரு பொதியைத் தவிர, வந்தவை பொதிகள் இல்லை. பெரியப்புவின் பழைய முறைப்படி ஒவ்வொரு பக்கமாக வந்திருந்தன. நான் வைத்த வரிசை பதினெட்டில் தொடங்கும். 2.10இலிருந்து வந்த வரிசையில் முதலாவது, நாற்பத்தோராம் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கம். அதற்குப் பிறகுதான் பதினெட்டு.

அந்த ஒரு பக்கத்தைத் திறந்தேன். நடுவில் றோசலின் அக்காவின் பெயர்.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாரையும் நிக்கவைச்சிட்டு என்னை முதல்ல ஏத்தி விட்டிருக்கிறார்,” என்று சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். அடுத்த ஞாயிறே ஓலை வாசித்தார்கள். கலியாணத்தில் அன்ரன் அண்ணை ஒரு துண்டுக் கேக்கைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து பெரியப்புவின் தலையில் வைத்தார். எறும்பு வந்ததால் அடுத்த நாள் நான்தான் துடைத்தேன்.

இப்போதைய நிலை இது. புதிய சேர்வர் வந்துவிட்டது. பேக்கப் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடத்தில் முடிகிறது. பற்றறி பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது, திறப்பு என்னிடம். பெரியப்புவின் டிஸ்க்கைக் கழற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். நானாட்டான் கணினியின் பதிவில் ஒவ்வொரு ஞாயிறும் பகல் 2.10க்கு ஒரு வரி விழுகிறது: பெரியப்பு, புதிதாக அனுப்ப எதுவும் இல்லை, முடிந்தது. அந்தப் பெயரை அனுமதிப் பட்டியலில் இருந்து நீக்குவது என் வேலைகளில் ஏழாவதாக இருக்கிறது. இன்னும் நீக்கவில்லை.