கையெழுத்துப் போட்டவர்

யுத்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரேஷன் ஆபீசில் எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கார்டு எழுதத்தான் போனேன். அங்கே காதில் பென்சில் செருகியிருந்த தலைமை குமாஸ்தா, "ஏட்டி, நான் சொல்லுததுதான் ஒனக்கு வேலை" என்றார். வெற்றிலை வாங்கவும், அவர் வீட்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கவும் அனுப்பினார்.

ஒரு நாள் கால் மணி நேரம் நான் இடத்தில் இல்லை என்று எல்லார் முன்னாலும் ஏசினார். "இனிமே எங்க போனாலும் காரணத்த நோட்டுல எழுதிட்டுப் போ."

எழுதினேன். 'தலைமை குமாஸ்தாவின் மாமியாரை ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து அழைத்து வர, ஒன்றரை மணி நேரம்.' மாலைதோறும் அவர் மூக்குப்பொடி போட்டபடி, எதையும் படிக்காமல் கீழே கையெழுத்திடுவார்.

வேலை நீடிக்க அவர் சிபாரிசு வேண்டும். அது தெரிந்தேதான், தணிக்கைக்கு வந்த தாசில்தாரிடம் அந்த நோட்டைக் கொடுத்தேன். தாசில்தார் உரக்கப் படித்துவிட்டு, "மாமியா சௌக்கியமா வந்து சேந்தாகளாய்யா?" என்று கேட்டார். ஆபீசே சிரித்தது.

தாசில்தார் போனபின் தலைமை குமாஸ்தா என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெனமும் எழுதிச் சொன்னேன் சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தாசில்தார் வந்த அன்று என் மேஜைக்கு முன்னால் நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வருஷங்கள் போனால் இரக்கம் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.